போன் ஸ்கேன் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது: புற்றுநோய் என்று தெரிந்த பிறகு முதல்முறை எடுப்பவர்களுக்கு

புற்றுநோய் என்று உறுதியான முதல் சில வாரங்களில் டாக்டர் போகிற போக்கில் ஒன்று சொல்வார்: “ஒரு போன் ஸ்கேன் எடுத்துடலாம்.” எலும்புகளைப் படம் எடுக்கும் இந்த ஸ்கேன் அவருக்கு அன்றாட வேலை. கேட்பவருக்கோ, எலும்பு வரைக்கும் போய்விட்டதா என்ற பயம் அந்த நிமிடமே பிடித்துக்கொள்ளும். ஸ்கேன் முடிந்து ரிப்போர்ட் கைக்கு வந்துவிடும், டாக்டரைப் பார்க்க இன்னும் இரண்டு மூன்று நாள் இருக்கும். அந்த நாட்களில் ரிப்போர்ட்டின் ஒவ்வொரு சொல்லையும் இணையத்தில் தேடித் தேடி மனம் நொந்துபோகிறவர்கள் ஏராளம். அந்த இடைவெளியில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ரிப்போர்ட்டை வைத்து நோயை நீங்களே முடிவு செய்ய இது உதவாது. டாக்டர் முன்னால் உட்காரும்போது சரியான கேள்வியோடு உட்கார உதவும்.

முதலில் ஒரு விஷயம். ஸ்கேன் எழுதிக் கொடுத்ததாலேயே டாக்டர் எலும்பில் சந்தேகப்படுகிறார் என்று ஆகாது. மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகிய இடங்களில் வரும் புற்றுநோய்கள் பரவினால் எலும்பைத் தேடிப் போகும் பழக்கம் உள்ளவை. சிகிச்சையைத் திட்டமிடுவதற்கு முன் நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்பதற்காகவே பலருக்கும் இதை எழுதுகிறார்கள். இதன் மறுபக்கமும் உண்டு. ஆரம்பக் கட்ட மார்பகப் புற்றுநோய், ஆபத்து குறைந்த வகை புராஸ்டேட் புற்றுநோய் போன்றவற்றில், எலும்பு வலியோ ரத்தப் பரிசோதனையில் கோளாறோ இல்லை என்றால் போன் ஸ்கேன் தேவையில்லை என்பதுதான் மருத்துவ வழிகாட்டுதல். உங்களுக்கு எழுதவில்லை என்றால் டாக்டர் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்று நினைக்க வேண்டாம்.

இந்த ஸ்கேன் எதைப் பார்க்கிறது

இதைப் புரிந்துகொண்டால் ரிப்போர்ட்டில் பாதி புரிந்த மாதிரி. எலும்பு பார்க்கக் கல் போல இருந்தாலும் உள்ளே சதா வேலை நடந்துகொண்டே இருக்கிறது. சில செல்கள் பழைய எலும்பைக் கரைக்கும், வேறு சில செல்கள் புதிதாகக் கட்டும். ஸ்கேனுக்காக நரம்பில் போடும் ஊசியில் எம்டிபி என்ற பாஸ்பேட் வகை மருந்தும், அதோடு இணைத்த டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளும் இருக்கும். புதிய எலும்பு எங்கே கட்டப்படுகிறதோ அங்கே இந்த மருந்து போய் அதிகமாக ஒட்டிக்கொள்ளும். அதிலிருந்து வரும் கதிர்களை காமா கேமரா படமாகப் பிடிக்கும். கூடுதலாக ஒட்டிய இடம் படத்தில் கறுப்பாகத் தெரியும். அதைத்தான் ‘ஹாட் ஸ்பாட்’ என்கிறார்கள்.

கட்டட வேலை நடக்கும் இடத்தை மட்டும் காட்டுகிற படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொத்தனார் எங்கே நிற்கிறார் என்று அதில் தெரியும், சுவரை இடித்தது யார் என்று தெரியாது. புற்றுநோய் செல்கள் எலும்பைத் தொந்தரவு செய்தாலும் எலும்பு தன்னைச் சரிசெய்யப் பார்க்கும். கீழே விழுந்து அடிபட்டாலும், மூட்டு தேய்ந்தாலும், எலும்பில் கிருமித்தொற்று வந்தாலும் அதையேதான் செய்யும். நான்குக்கும் படத்தில் கறுப்புதான். அதனால் ஒரு கறுப்புப் புள்ளியைப் பார்த்ததும் கேட்க வேண்டியது, “இங்கே எலும்பு ஏன் வேலை செய்கிறது?” என்பதே.

இதிலிருந்தே ஸ்கேனின் குறையும் விளங்கும். சில நோய்கள் எலும்பைக் கரைக்கும், ஆனால் பதிலுக்குப் புதிய எலும்பு கட்ட விடாது. எலும்பு மஜ்ஜையில் வரும் மல்டிபிள் மயலோமா என்ற புற்றுநோய் அப்படிப்பட்டது. சிறுநீரக, தைராய்டு புற்றுநோய்களின் பரவலும் சில சமயம் அப்படி இருக்கும். அங்கே போன் ஸ்கேன் ஒன்றும் காட்டாமல் விட்டுவிடலாம், அல்லது மருந்தே சேராத வெளிறிய இடமாகக் காட்டலாம். ஸ்கேன் சரியாக இருந்தும் ஒரே இடத்தில் வலி தொடர்ந்தால், “ஸ்கேன் நார்மல்தானே” என்று விட்டுவிடாமல் திரும்பவும் சொல்லுங்கள்.

ஸ்கேனுக்கு முந்தைய நாள்: இந்த ஒரு வேலையைச் செய்யுங்கள்

என்னைக் கேட்டால், நோயாளியின் கையில் இருக்கும் மிகப் பெரிய உதவி இதுதான். பெரும்பாலானவர்கள் செய்வதில்லை. ஒரு தாளை எடுத்து உங்கள் எலும்புகளின் வரலாற்றை எழுதுங்கள். எப்போதாவது கீழே விழுந்தீர்களா, எந்தப் பக்கம் அடிபட்டது? எலும்பு முறிந்ததுண்டா, எந்த வருடம்? முழங்கால் அல்லது இடுப்பு மூட்டு மாற்று அறுவை நடந்திருக்கிறதா? முதுகில் பிளேட், ஸ்க்ரூ இருக்கிறதா? சமீபத்தில் பல் பிடுங்கினீர்களா, ஈறில் சீழ் வைத்ததா? பல நாள் கடுமையான இருமல் இருந்ததா? இருமலில் விலா எலும்பு விரிசல் விடுவது உண்டு. எந்த இடத்தில் வலி, எத்தனை நாளாக? கதிர்வீச்சு சிகிச்சை எங்காவது கொடுத்தார்களா? கதிர் பட்ட எலும்பில் பின்னாளில் மருந்து குறைவாகச் சேரும், படத்தில் அந்த இடம் வெளிறித் தெரியும்.

எலும்பு முறிவு முழுதாக ஆறிப்போன பிறகும் ஒரு வருடம், சில சமயம் இரண்டு வருடம் வரைகூட ஸ்கேனில் தெரியலாம். வயதானவர்களுக்கு இன்னும் நீளும். படத்தைப் படிக்கும் டாக்டருக்கு நீங்கள் போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்தது தெரியாது. அந்தத் தாளைக் கொடுத்தால் தெரியும். பழைய எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் எதுவாக இருந்தாலும் கூடவே எடுத்துப் போங்கள். ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்கள் பதிந்த டிஸ்க்கும் வேண்டும்.

கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்று தோன்றினாலோ, தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ தேதி வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். சாப்பாட்டுக்குத் தடை கிடையாது. வழக்கமான மாத்திரைகளையும் பொதுவாக நிறுத்தச் சொல்வதில்லை.

ஸ்கேன் நாள்

காலையில் போனதும் கையில் ஊசி போடுவார்கள். ரத்தம் எடுக்கும்போது குத்துகிற அளவுதான் வலி. அப்புறம் இரண்டு முதல் நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும், பெரும்பாலும் மூன்று மணி நேரம். மருந்து எலும்பில் போய்ச் சேரவும், மீதி சிறுநீரில் வெளியேறவும் அந்த நேரம் வேண்டும். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். சிறுநீரகப் பிரச்சினைக்காகவோ இதயக் கோளாறுக்காகவோ தண்ணீருக்கு அளவு வைத்திருந்தால் முன்பே சொல்லுங்கள். படம் எடுக்கப் போகுமுன் சிறுநீர் கழித்துவிட வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அதன் பின்னால் இருக்கும் இடுப்பெலும்பை மறைத்துவிடும். உடையில் ஒரு துளி சிறுநீர் பட்டிருந்தாலும் அது படத்தில் புள்ளியாக விழும். அப்படி நேர்ந்தால் கூச்சப்படாமல் டெக்னீஷியனிடம் சொல்லி உடையை மாற்றிக்கொள்ளுங்கள்.

படம் எடுக்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அசையாமல் படுத்திருக்க வேண்டும், கேமரா உடம்புக்கு மிக அருகில் மெதுவாக நகரும். எம்ஆர்ஐ போல நீண்ட குழாயும் இல்லை, அந்தச் சத்தமும் இல்லை. முதுகுவலியால் படுக்க முடியாது என்றால் வலி மாத்திரையை எப்போது போட்டுக்கொண்டு வரலாம் என்று முன்கூட்டியே கேளுங்கள். முடிந்த பிறகு ஒரு பகுதியை மட்டும் மறுபடி எடுக்கக் கூப்பிட்டால் பதற வேண்டாம். ஸ்பெக்ட் சிடி என்ற கூடுதல் படம் எடுத்தால் அந்தப் புள்ளி எலும்பின் எந்த மூலையில் இருக்கிறது என்று துல்லியமாகத் தெரியும். பல சந்தேகங்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

கதிரியக்கம் பற்றி எல்லோரும் கேட்பார்கள். இந்த ஸ்கேனில் உடம்புக்குக் கிடைப்பது சுமார் 4 மில்லிசீவர்ட். மண், காற்று, வானம் என்று இயற்கையிலிருந்தே மனிதருக்கு வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. டெக்னீசியம்-99எம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். மறுநாள் அதே நேரத்தில் பதினாறில் ஒரு பங்குகூட உடம்பில் இருக்காது, சிறுநீரிலும் போய்விடுகிறதே. அன்று ஒரு நாள் கைக்குழந்தையை நீண்ட நேரம் மடியில் வைத்திருக்காமலும், கர்ப்பிணிகளிடம் ஒட்டி உட்காராமலும் இருந்தால் போதும்.

ரிப்போர்ட் கையில் வந்ததும்

கடைசிப் பத்தியை முதலில் படியுங்கள். ‘இம்ப்ரெஷன்’ என்று தலைப்பிட்டிருக்கும், டாக்டரின் முடிவு அங்கேதான். அதற்கு மேலே வருவது அவர் கண்ணில் பட்ட எல்லாவற்றின் பட்டியல். அதில் பாதி வயதின் அடையாளங்களாகவே இருக்கும்.

உதாரணத்துக்கு இப்படி ஒரு ரிப்போர்ட் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

“இடது 7-ஆவது விலா எலும்பின் பக்கவாட்டில் ஒரே இடத்தில் மருந்து கூடுதலாகச் சேர்ந்துள்ளது. எல்4-எல்5 முதுகெலும்பு மூட்டிலும் இரு முழங்கால்களிலும் தேய்மான மாற்றங்கள். சிறுநீரகங்கள், சிறுநீர்ப்பை தெரிகின்றன. மற்ற எலும்புகள் இயல்பு. முடிவு: விலா எலும்பில் உள்ளது பெரும்பாலும் அடிபட்டதால் இருக்கலாம், சிடியுடன் ஒப்பிட்டுப் பார்க்கவும். பரவலுக்கான உறுதியான அடையாளம் இல்லை.”

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். சிறுநீரகமும் சிறுநீர்ப்பையும் தெரிவது இயல்பு, மருந்து வெளியேறும் வழியே அதுதான். முழங்காலும், கீழ்முதுகில் இருக்கும் எல்4-எல்5 மூட்டும் தேய்மானத்துக்குப் பேர்போன இடங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பது பெரும்பாலும் நல்ல செய்தி. மிச்சம் இருப்பது விலா எலும்பு. ஒரே ஒரு விலா எலும்பில் ஒரே ஒரு புள்ளி என்றால் பெரும்பாலும் அது புற்றுநோயாக இருப்பதில்லை, பழைய அடியாகத்தான் இருக்கும். ஆனாலும் ‘இருக்கலாம்’ என்று எழுதியதை ‘இல்லை’ என்று நாம் மாற்றிப் படிக்கக் கூடாது. சிடியில் அந்த இடத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். “எனக்கு இந்த விலா எலும்புக்கு மட்டும் வேறு படம் எடுக்க வேண்டுமா, எப்போது?” இந்த ரிப்போர்ட்டுடன் டாக்டரிடம் போகும்போது கேட்க வேண்டிய கேள்வி இந்த ஒன்றுதான்.

‘டிஜெனரேட்டிவ்’ என்றால் தேய்மானம். ‘ஃபோக்கல்’ என்றால் ஒரு இடத்தில் மட்டும், ‘டிஃப்யூஸ்’ என்றால் ஒரு புள்ளியாக இல்லாமல் விரிந்த பகுதியில், ‘ஸ்க்ளிரோட்டிக்’ என்றால் எலும்பு கெட்டியான இடம், ‘லிட்டிக்’ என்றால் கரைந்த இடம். ‘இன்டிடெர்மினேட்’ அல்லது ‘ஈக்விவோகல்’ என்று இருந்தால் இந்த ஒரு படத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை என்று அர்த்தம். ‘கிளினிக்கல் கோரிலேஷன்’ என்ற சொல்லைப் பார்த்ததும் பலர் பயந்துபோகிறார்கள். உங்கள் உடல்நிலை, வலி, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றோடும் சேர்த்துப் பாருங்கள் என்று ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்குச் சொல்லும் குறிப்பு அது. ‘மெட்டாஸ்டாஸிஸ்’ என்றால் புற்றுநோய் வேறு இடத்துக்குப் பரவியது. அந்தச் சொல்லைப் பார்த்தவுடன் நின்றுவிடாமல், அதன் பக்கத்தில் ‘இல்லை’, ‘சந்தேகம்’, ‘உறுதி’ இவற்றில் எது இருக்கிறது என்று பாருங்கள்.

புள்ளிகள் அமைந்திருக்கும் விதம்

படிக்கும் டாக்டர்கள் புள்ளியின் கறுப்பை விட அது இருக்கும் இடத்துக்கும் அமைப்புக்கும்தான் அதிக மதிப்புக் கொடுப்பார்கள். அடுத்தடுத்த விலா எலும்புகளில் ஒன்றின் கீழ் ஒன்றாக, கோடு போட்ட மாதிரி நேர்வரிசையில் புள்ளிகள் இருந்தால் அது அடிபட்டதன் அடையாளம். புற்றுநோய் அப்படி வரிசை பார்த்து வராது. முதுகெலும்பில் குறுக்காக ஒரு பட்டை மாதிரி தெரிந்தால், எலும்பு மெலிந்து அமுங்கிய முறிவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஹார்மோன் சிகிச்சையால் எலும்பு மெலிந்தவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கலாம். ஆனால் பரவல் இருக்கும் எலும்பும் அமுங்கும் என்பதால் எம்ஆர்ஐ கேட்பார்கள். இடுப்பின் பின்புறம் உள்ள திருவெலும்பில் ஆங்கில ‘எச்’ எழுத்து மாதிரி தெரிந்தால், அதுவும் பலவீனத்தால் வந்த விரிசல்தான்.

பரவலின் அமைப்பு வேறு மாதிரி இருக்கும். முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா, மண்டை ஓடு, தொடை எலும்பின் மேல் முனை, மேல்கை எலும்பின் மேல் முனை ஆகிய இடங்களில், ஒழுங்கே இல்லாமல், சிறிதும் பெரிதுமாகச் சிதறிய புள்ளிகள். முழங்கைக்கும் முழங்காலுக்கும் கீழே பரவுவது அரிது. முதுகெலும்புக்குள்ளேயும் இடம் பார்ப்பார்கள். பின்பக்கச் சிறு மூட்டுகளில் இருந்தால் தேய்மானம் பக்கம் மனம் சாயும். முதுகெலும்பின் முன்பகுதியையும் பின்பகுதியையும் இணைக்கும் பெடிக்கிள் என்ற பகுதியில் இருந்தால் பரவலைச் சந்தேகிப்பார்கள்.

இன்னும் ஒன்று, பார்க்க அழகான படமாக இருந்தும் ஏமாற்றக்கூடியது. எலும்புகள் முழுக்க ஒரே சீராகக் கறுத்து, சிறுநீரகங்கள் தெரியாமலே போயிருக்கும். இதை ‘சூப்பர்ஸ்கேன்’ என்பார்கள். பெயரைப் பார்த்து ரொம்ப நல்ல ஸ்கேன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மருந்து மொத்தமும் எலும்பே எடுத்துக்கொண்டது என்று பொருள். புராஸ்டேட் அல்லது மார்பகப் புற்றுநோய் பரவலாக எலும்பில் இருக்கும்போது இப்படி வரும். பாராதைராய்டு சுரப்பிக் கோளாறு போன்ற காரணங்களாலும் வருவதுண்டு.

சந்தேகம் என்றால் அடுத்து என்ன

அந்த இடத்துக்கு எக்ஸ்ரே, சிடி அல்லது எம்ஆர்ஐ. எக்ஸ்ரே எளிது, ஆனால் எலும்பின் தாதுச்சத்து 30 முதல் 50 சதவீதம் குறைந்த பிறகுதான் கரைந்த இடம் அதில் தெரியும். அதனால் எக்ஸ்ரே நார்மல் என்பது கடைசி வார்த்தை ஆகாது. எலும்பு மஜ்ஜையையும் தண்டுவடத்தையும் பார்க்க எம்ஆர்ஐ சிறந்தது. கதிரியக்க மருந்து போட்டு எடுக்கும் பெட் சிடி என்ற இன்னொரு ஸ்கேன் சில புற்றுநோய்களில் இன்னும் தெளிவாகக் காட்டும், புராஸ்டேட்டுக்கு பிஎஸ்எம்ஏ பெட் என்று தனியாகவே உண்டு. ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் (எலும்பு கட்டப்படும்போது கூடும் ஒரு நொதி), கால்சியம், புராஸ்டேட் என்றால் அந்தச் சுரப்பி சுரக்கும் பிஎஸ்ஏ என்ற புரதம், இவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். எல்லாம் பார்த்தும் தெளிவாகவில்லை, அந்த ஒரு புள்ளியால் சிகிச்சையே மாறும் என்றால் அங்கிருந்து சிறு திசுவை எடுத்துப் பார்க்கும் பயாப்சி. சில வாரம் பொறுத்து மறுபடி படம் எடுக்கலாம் என்று டாக்டர் சொன்னால் காரணத்தைக் கேளுங்கள். பல நேரம் அது நியாயமான முடிவாகவே இருக்கும், ஆனால் காரணம் தெரிந்து காத்திருப்பது வேறு, தெரியாமல் காத்திருப்பது வேறு.

பரவியிருக்கிறது என்று உறுதியானால்

மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் போனால் அதன் பெயர் எலும்புப் புற்றுநோய் ஆகாது. எலும்பில் இருப்பதும் மார்பகப் புற்றுநோய் செல்தான், அதற்கான மருந்துகளுக்குத்தான் அது கட்டுப்படும். முழுதாகக் குணமாக்குவது கடினம் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஹார்மோன் சிகிச்சையோடும் மாத்திரைகளோடும் வருடக்கணக்கில் வேலைக்குப் போய்க்கொண்டு வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். புள்ளிகளை எண்ணி ஆயுளைக் கணக்குப் போடாதீர்கள். எந்த வகைப் புற்றுநோய், எந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்பதே அதிகம் தீர்மானிக்கும்.

எலும்பைப் பாதுகாக்க சோலெட்ரானிக் ஆசிட் அல்லது டெனோசுமாப் ஊசி தரலாம். அதைத் தொடங்குவதற்கு முன் பல் டாக்டரைப் பார்த்து, பிடுங்க வேண்டிய பல் இருந்தால் பிடுங்கி, புண் ஆறவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இந்த மருந்துகளால் தாடை எலும்பு பாதிக்கப்படுவது அரிதாக நடக்கும், ஊசிக்குப் பிறகு பல் பிடுங்கினால் அந்த வாய்ப்பு கூடும். கால்சியம், வைட்டமின் டி பற்றியும் கேளுங்கள். ஒரே இடத்தில் வலி அதிகம் என்றால் கதிர்வீச்சு சிகிச்சை நன்றாகக் கேட்கும். பலருக்கு ஒரே ஒரு முறை கொடுப்பதே வலியைத் தணித்துவிடுகிறது. “என் தொடை எலும்போ முதுகெலும்போ உடையும் நிலையில் இருக்கிறதா? எதைத் தூக்கக் கூடாது?” என்று தவறாமல் கேளுங்கள். சில நேரம் உடைவதற்கு முன்பே கம்பி வைத்துத் தாங்குவார்கள்.

அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் இவை: புதிதாக வந்து நாளுக்கு நாள் கூடும் முதுகுவலி, குறிப்பாகப் படுத்தால் அதிகமாவது, கால் பலவீனம், தடுமாற்றம், கால்களிலோ மர்ம உறுப்பைச் சுற்றியோ மரத்துப்போவது, சிறுநீர், மலம் அடக்க முடியாமலோ போகாமலோ இருப்பது. தண்டுவடம் நசுங்கும்போது இப்படி வரும். அன்றைக்கே, நடுராத்திரி ஆனாலும், எமர்ஜென்சிக்குப் போய் “புற்றுநோய் இருக்கிறது, தண்டுவடத்தை எம்ஆர்ஐயில் பார்க்க வேண்டும்” என்று சொல்லுங்கள். நடக்கும் நிலையிலேயே சிகிச்சை தொடங்கியவர்கள்தான் பெரும்பாலும் தொடர்ந்து நடக்கிறார்கள். அதே மாதிரி அடங்காத தாகம், வாந்தி, மலச்சிக்கல், மனக்குழப்பம் சேர்ந்து வந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கலாம். அதுவும் உடனே கவனிக்க வேண்டியதுதான்.

அடுத்த ஸ்கேன்

சிகிச்சை தொடங்கிய முதல் மூன்று மாதங்களில், சிலருக்கு ஆறு மாதம் வரைகூட, ஸ்கேன் முன்பைவிட மோசமாகத் தெரியலாம். நோய் அடங்கி எலும்பு ஆறும்போது புதிய எலும்பு வேகமாகக் கட்டப்படும், அதனால் பழைய புள்ளிகள் இன்னும் கறுக்கும், முன்பு தெரியாதவைகூடத் தெரியும். இதை ‘ஃப்ளேர்’ என்பார்கள். இதனால்தான் புராஸ்டேட் புற்றுநோய் மருந்து ஆய்வுகளில், சிகிச்சைக்குப் பிந்தைய முதல் ஸ்கேனில் இரண்டு புதிய புள்ளிகள் வந்தாலும் உடனே நோய் வளர்ந்ததாக எழுதுவதில்லை. அடுத்த ஸ்கேனில் மேலும் இரண்டு வந்தால்தான் அப்படி எடுத்துக்கொள்கிறார்கள். வலி குறைந்திருக்கிறது, ரத்த அளவுகள் இறங்கியிருக்கின்றன, ஸ்கேன் மட்டும் மோசம் என்றால் “இது ஃப்ளேராக இருக்குமா?” என்று கேட்காமல் மருந்தை மாற்றச் சம்மதிக்க வேண்டாம்.

முடிந்தவரை ஒவ்வொரு முறையும் ஒரே ஸ்கேன் சென்டரில் எடுங்கள். இடம் மாற வேண்டி வந்தால் முந்தைய ஸ்கேனின் படங்களையும் ரிப்போர்ட்டையும் ஸ்கேன் அன்றைக்கே கையில் கொடுத்து, ஒப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். புதிய ரிப்போர்ட்டில் எந்தத் தேதி ஸ்கேனோடு ஒப்பிட்டார்கள் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அங்கேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.